சொத்து, குடும்பம், கொடை: கடலூர், புதுச்சேரிக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முந்திரித் தோப்பு, அரிசி ஆலை, விசைப்படகு, நகைக்கடை, மருத்துவமனை, மிஷன் வீதியில் கடை வாடகை, பிரான்சிலிருந்து வரும் ஓய்வூதியம் என்று இந்தப் பகுதியில் குடும்பச் சொத்து சேர்ந்த வழிகள் பல. அது அடுத்த தலைமுறைக்குக் கைமாறும்போது வரும் சிக்கல்கள் மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கணக்கு, வரி, பத்திரம் என்று இக்குடும்பங்களோடு பழகுகிறவன் என்ற முறையில், திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சட்டம் பற்றிய பகுதிகள் பொது விளக்கமே. கையெழுத்துப் போடும் முன் உங்கள் பத்திரங்களை ஒரு வழக்கறிஞர் படித்தாக வேண்டும்.

நாங்கள் ஒன்றும் பெரிய கோடீஸ்வரர்கள் இல்லை. இதெல்லாம் எங்களுக்குத் தேவையா?

சொத்தின் மதிப்பை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். வாரிசுகள் ஒன்றுக்கு மேற்பட்டவர்களா? ஆலை, கடை, வீடு என்று வெட்டிப் பிரிக்க முடியாத சொத்து இருக்கிறதா? பிள்ளைகளில் யாராவது வெளிநாட்டில் இருக்கிறார்களா? இவற்றில் இரண்டுக்கு ஆம் என்றால் தேவைதான். பண்ருட்டிப் பக்கம் சாலையோரம் பத்து ஏக்கர் தோப்பும் ஒரு முந்திரிப் பருப்புக் கூடமும் வைத்திருப்பவர் தன்னை நடுத்தரக் குடும்பம் என்றே சொல்லிக்கொள்வார். அவர் பிள்ளைகள் நீதிமன்றத்தில் நிற்கும்போதுதான் அது எவ்வளவு பெரிய சொத்து என்பது எல்லோருக்கும் தெரியவரும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

உயிலிலிருந்து அல்ல, அறக்கட்டளையிலிருந்தும் அல்ல. ஒரு சொத்துப் பதிவேட்டிலிருந்து. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான் என்றால், அது இது: சொத்தைப் பங்கிடும் முன் சொத்தைப் பற்றிய தகவலைப் பங்கிடுங்கள். எங்கள் பகுதிக் குடும்பங்கள் தவறான முதலீட்டில் இழந்ததைவிட, ஒரே ஒருவர் தலைக்குள் எல்லாவற்றையும் வைத்திருந்ததால் இழந்தது அதிகம் என்பது என் கணிப்பு.

மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டில், வீட்டுக்காரர் காலமான பிறகு இரும்பு பீரோவைத் திறந்து பார்த்தோம். ஜவுளிக்கடை மஞ்சள் பையில் தாய்ப்பத்திரம். பழைய கல்யாணப் பத்திரிகை உறை ஒன்றில் வைப்புநிதி ரசீதுகள்; அவற்றில் இரண்டு முதிர்ந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அடித்தட்டில் ரப்பர் பட்டை போட்ட புரோநோட்டுகள், கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்கு வாங்கியவை. ஒவ்வொன்றாக எடுத்துத் தேதி பார்த்தால், பெரும்பாலானவை மூன்றாண்டு காலவரம்பைத் தாண்டியிருந்தன. வழக்குப் போட்டு வாங்கும் உரிமை போய்விட்டது. கடன் வாங்கியவர்களில் ஒருவர் துக்கம் விசாரிக்க வந்து கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாவுக்கு அது தெரியாது.

பதிவேட்டுக்கு ஒரு நீளக் கணக்கு நோட்டு போதும். சொத்து எது, யார் பெயரில் இருக்கிறது, மூல ஆவணம் எங்கே, வருமானம் எந்த வங்கிக் கணக்கில் விழுகிறது, அடமானமோ கடனோ உண்டா, நாமினி யார் என்று ஆறு பத்திகள் வரையுங்கள். நிலமென்றால் சர்வே எண்ணும் பட்டா எண்ணும் வேண்டும். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது என்பது அப்போதுதான் வெளிப்படும். வில்லங்கச் சான்று ஒன்று புதிதாக எடுத்து உடன் வையுங்கள். கொடுக்க வேண்டிய கடனையும், பிறருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, ஆடிப்பெருக்கோ பொங்கலோ, ஒரு நாள் குறித்துத் திருத்துங்கள். அது இருக்கும் இடம் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிய வேண்டும். அதில் ஒருவர் மனைவியாக இருக்க வேண்டும்.

பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கும் வங்கி வைப்புகள் ரிசர்வ் வங்கி நிர்வகிக்கும் நிதிக்குப் போய்விடும்; அவற்றைத் தேட அந்த வங்கியே உத்கம் என்ற இணையதளம் வைத்திருக்கிறது. தொடர்ந்து ஏழாண்டுகள் ஈவுத்தொகை வாங்காத பங்குகள் அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்கு மாறும். இரண்டையும் மீட்க முடியும், ஆனால் அலைய வேண்டும்.

அப்பா எதையும் சொல்ல மறுக்கிறார். கேட்டால் "என் சாவுக்குக் காத்திருக்கிறாயா" என்கிறார்.

மகன் கேட்டால் அப்படித்தான் காதில் விழும். தொகையைக் கேட்காதீர்கள், பொறுப்பைக் கேளுங்கள். "இந்த வருஷம் தோப்புக் குத்தகையை நான் பார்க்கட்டுமா, அப்பா?" என்று தொடங்கினால், குத்தகைப் பத்திரம் தானாக வெளியே வரும். அதுவும் நடக்கவில்லையென்றால், அவர் வயதொத்த நண்பரோ குடும்ப ஆடிட்டரோ பேசட்டும். பிள்ளைகளிடம் சொல்லாததைப் பெரும்பாலும் அவர்களிடம் சொல்லியிருப்பார். அவர் வாழும் காலம்வரை எதையும் மாற்றப் போவதில்லை, குறித்து வைக்கத்தான் போகிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அதன்படி நடக்கவும் வேண்டும்.

உயில், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை: எது நல்லது?

மூன்றும் மூன்று வேலை. உயில் இறப்புக்குப் பின்தான் பேசும். உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். தான செட்டில்மென்ட் இன்றே உரிமையை மாற்றிவிடும். பதிவு கட்டாயம், எழுதிய பின் சுலபமாகத் திரும்பப் பெற முடியாது. பாகப்பிரிவினை ஏற்கெனவே பல பேருக்கு உரிமை உள்ள சொத்தை அவர்களுக்குள் பிரிப்பது.

தமிழ்நாட்டில் நெருங்கிய குடும்பத்தினருக்குள் எழுதும் செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் ஆகியவற்றுக்குக் கட்டண உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலை 10 முதல் முத்திரைத் தீர்வைக்கு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000 ரூபாய் என்று அது உயர்த்தப்பட்டது. கோடிக்கணக்கான சொத்துக்கு இது சிறு தொகைதான். அதனாலேயே பலர் அவசரப்பட்டு எல்லாவற்றையும் பிள்ளைகள் பெயருக்கு எழுதிவிட்டு, பிறகு மருந்துச் செலவுக்குக் கை நீட்டி நிற்கிறார்கள். கட்டணம் குறைவு என்பதற்காகப் பத்திரம் எழுதாதீர்கள்.

எழுதியே தீர வேண்டுமென்றால் இரண்டு வரிகளை விடாதீர்கள். ஒன்று, ஆயுள்காலம்வரை அந்த வீட்டில் குடியிருக்கவும் வாடகையை அனுபவிக்கவும் உங்களுக்கும் உங்கள் துணைக்கும் உரிமை உண்டு என்பது. இன்னொன்று, எழுதி வாங்குகிறவர் உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007இன் 23ஆம் பிரிவு, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்துச் செய்யத் தீர்ப்பாயத்துக்கு வழி தருகிறது. நிபந்தனை பத்திரத்திலேயே தெளிவாக இருந்தால் வாதாடும் தேவை பாதியாகக் குறையும்.

என் சொந்தச் சாய்வு: வருமானம் தரும் சொத்துகளுக்கு உயில், பிள்ளை ஏற்கெனவே நடத்திவரும் தொழிலுக்குச் செட்டில்மென்ட்.

உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டுமா?

கட்டாயமில்லை. முத்திரைத்தாளும் தேவையில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்துத்தான் கட்டாயம். ஆனாலும் பதிவு செய்யுங்கள். பத்திரத்தில் பங்கு பெறாதவர்களாக, உங்களைவிட வயது குறைந்தவர்களாகச் சாட்சிகளைத் தேர்ந்தெடுங்கள். இஸ்லாமியக் குடும்பங்களில், மற்ற வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது.

எல்லாவற்றுக்கும் நாமினி போட்டாகிவிட்டது. போதாதா?

போதாது. நாமினி பணத்தைக் கைநீட்டி வாங்கிக்கொள்ளும் பொறுப்பாளர், சொத்துக்கு உரிமையாளர் வாரிசுதான். நிறுவனப் பங்குகளுக்கும் இதுவே விதி என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தெளிவாக்கியது. 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குகளுக்கு நான்கு நாமினிகள்வரை போடலாம். உயிலில் உள்ள பெயர்களும் அவையும் ஒத்துப்போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் முரண்படும் வீடுகளில்தான் அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோகிறது.

மகள்களுக்கு நகை போட்டு, சீர் செய்து கட்டிக்கொடுத்துவிட்டோம். சொத்திலும் பங்கு உண்டா?

உண்டு. கல்யாணத்தில் செய்ததைச் சொத்துப் பங்கில் கழித்துக்கொள்ள இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் இடமில்லை.

கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் வழக்குகள் பெருகுவது இங்கேதான். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் பங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் திருத்தியது. ஆனால் அதற்கு முன் மணமானவர்கள் விடுபட்டார்கள். 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று நீண்ட காலம் குழப்பம் இருந்தது. தேவையில்லை என்று 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவுசெய்த பாகப்பிரிவினையோ நீதிமன்றத் தீர்ப்போ ஆகியிருந்தால் அதை இந்தத் திருத்தம் தொடாது.

தந்தை சுயமாகச் சம்பாதித்ததை அவர் யாருக்கும் உயில் எழுதலாம். உயில் இல்லாமல் இறந்தால், மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய தாயார் ஆகிய எல்லோருக்கும் சம பங்கு. மனைவி, தாயார், ஒரு மகன், இரண்டு மகள்கள் என்றால் ஐந்தில் ஒன்றாகப் போகும். பாட்டிக்கும் பங்கு என்பதைக் கேட்டு முகம் மாறாத பேரனை நான் பார்த்ததில்லை.

"தங்கச்சி கையெழுத்துப் போட்டுடும்" என்ற நம்பிக்கையில் விடுதலைப் பத்திரத்தைத் தயார் செய்துகொண்டு கூப்பிடுகிறார்கள். தங்கை போடலாம். மாப்பிள்ளை வீட்டில் அதற்கு அவள் கொடுக்கும் விலை உங்களுக்குத் தெரியாது. அவளுக்கு நிலம் வேண்டாம் என்றால், நியாயமான ஒரு தொகையைப் பேசி, வங்கி வழியாகக் கொடுத்து, அதைப் பத்திரத்தில் எழுதுங்கள்.

எங்கள் வீட்டுப் பெண்கள் பெயரிலும் சொத்து இருக்கிறது. அவர்களும் உயில் எழுத வேண்டுமா?

கட்டாயம். ஆண்களைவிட அவர்களுக்குத்தான் அவசரம். கணவரையும் இழந்து, பிள்ளையும் இல்லாத ஓர் இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சம்பாதித்த சொத்து முதலில் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். பெற்ற தாய் அதற்குப் பின்னால்தான். பெற்றோர் வழியில் வந்த சொத்து மட்டும் தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். டாக்டராக, பேராசிரியையாகச் சம்பாதிக்கும் எத்தனை பெண்களுக்கு இது தெரியும்?

எங்களுக்கு நெல்லிக்குப்பத்திலும் நிலம் இருக்கிறது, வில்லியனூரிலும் இருக்கிறது. புதுச்சேரிக்குத் தனிச் சட்டமா?

எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினால் பெட்ரோல் விலையோடு சட்ட வரலாறும் மாறுகிறது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இணைப்பு முடிந்தது. அதற்கு முன்பு நடந்தவற்றுக்குப் பிரெஞ்சுக் காலத்து விதிகளையும் பார்க்க வேண்டும்.

இரண்டு வேறுபாடுகளை மனத்தில் வையுங்கள். முதலாவது, பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரி இந்துக்களுக்கு வழங்கிய வழக்காற்றுச் சட்டத்தில் தந்தையே சொத்தின் முழு உரிமையாளர். மகனுக்குப் பிறப்பால் பங்கு என்ற கருத்து அங்கே இல்லை. ஆகவே ஒரே தாத்தாவின் நெல்லிக்குப்பம் நிலத்தையும் வில்லியனூர் நிலத்தையும் ஒரே வாய்பாட்டில் பிரிக்கக் கூடாது. தாத்தா எந்த ஆண்டு வாங்கினார், எந்த ஆண்டு இறந்தார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டாவது, ரெனோன்சான் குடும்பங்கள். 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணையின்படி தங்கள் சமயச் சொந்தச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டபோதே இந்து வாரிசுரிமைச் சட்டம் இவர்களை விலக்கி வைத்தது. பிரெஞ்சுச் சட்டத்தில் பெற்றவர் நினைத்தபடி பிள்ளையை ஒதுக்கிவிட முடியாது. ஒரு பிள்ளை என்றால் சொத்தில் பாதியை, இரண்டு என்றால் மூன்றில் ஒன்றை, மூன்றோ அதற்கு மேலோ என்றால் கால் பங்கை மட்டுமே விருப்பப்படி பிறருக்குக் கொடுக்கலாம். கொடையாகக் கொடுப்பதும் இந்தக் கணக்குக்குள் வரும். உங்கள் குடும்பம் ரெனோன்சானா என்பது பழைய ஆவணங்களில் இருக்கும். நோத்தேர் என்ற பிரெஞ்சுக் காலத்துப் பத்திர அதிகாரி எழுதிய பிரெஞ்சுப் பத்திரங்களை "யாருக்கும் படிக்கத் தெரியவில்லை" என்று பரணில் போட்டிருந்தால் இறக்கி, மொழிபெயர்த்து, மூலத்தோடு சேர்த்து வையுங்கள். படிக்கத் தெரிந்தவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறார்கள்.

மகன் பிரான்சில் குடியுரிமை பெற்றுவிட்டான். அவனுக்குச் சொத்து வைக்கலாமா?

வைக்கலாம். ஓ.சி.ஐ. அட்டை, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை, வைத்திருப்பவர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது. ஆனால் வாரிசாக அடையலாம். எனவே நஞ்சை, புஞ்சை நிலத்தை அவருக்குச் செட்டில்மென்ட் எழுதாதீர்கள், உயிலில் எழுதுங்கள். விற்ற பணத்தை வரி கட்டிய சான்றுகளோடு நிதியாண்டுக்குப் பத்து லட்சம் டாலர்வரை அவர் வெளியே கொண்டுபோகலாம்.

பலரும் கவனிக்காதது வாரிசு வரி. இந்தியாவில் அது 1985இல் நீக்கப்பட்டது. பிரான்சில் இருக்கிறது. வாரிசு கடந்த பத்தாண்டுகளில் ஆறாண்டுகளாவது பிரான்சில் வசித்திருந்தால், புதுச்சேரியில் உள்ள வீடும் அங்கே வரிக்கணக்கில் வரும். பெற்றவர் ஒருவரிடமிருந்து பிள்ளை ஒருவருக்கு ஒரு லட்சம் யூரோவரை விலக்கு. அதற்கு மேல் 5 முதல் 45 விழுக்காடு. மூன்று பிள்ளைகளில் ஒருவர் மட்டும் அங்கே இருந்தால், யாருக்கு வீடு, யாருக்குப் பணம் என்பதை இந்தக் கோணத்திலும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

குடும்ப சாசனம் என்கிறார்கள். அது என்ன?

குடும்பத்தார் தங்களுக்குள் ஒப்புக்கொண்டு எழுதிவைக்கும் நடைமுறை. பெரும்பாலும் நீதிமன்றத்தில் செல்லுபடியாக்கும் நோக்கம் இதற்கில்லை. பேச்சு வார்த்தை முறியாமல் காப்பதுதான் நோக்கம். பெரிய தொழில் குடும்பங்கள் ஆலோசகர்களை வைத்து நூறு பக்கம் எழுதுகின்றன. உங்களுக்கு நான்கு பக்கம் போதும்.

அதில் வேதாந்தம் வேண்டாம். "ஒற்றுமையாக இருப்போம்" என்ற வரியை அடித்துவிடுங்கள். அதனால் எந்தச் சண்டையும் நின்றதில்லை. எழுத வேண்டியவை வேறு. தொழிலில் சேர விரும்பும் பிள்ளைக்கு என்ன தகுதி, வெளியே எத்தனை ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும்? சேர்ந்தால் சம்பளம் யார் நிர்ணயிப்பது? எவ்வளவு தொகைக்கு மேல் கடன் வாங்க எல்லோர் கையெழுத்தும் வேண்டும்? ஒருவர் பிரிந்துபோக விரும்பினால் அவர் பங்கை யார் மதிப்பிடுவது, எத்தனை தவணையில் கொடுப்பது? பூர்வீக வீட்டின் வரியையும் பழுதுச் செலவையும் யார் ஏற்பது? குலதெய்வக் கோயில் செலவு யார் பங்கு? கடைசிக் கேள்வியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஆலைப் பங்கில் விட்டுக்கொடுத்த பங்காளிகள் முதல் மரியாதையில் முறைத்துக்கொண்டு போனதுண்டு.

ஆண்டுக்கு இரண்டு குடும்பக் கூட்டம் வையுங்கள். விசேஷ நாளில் வேண்டாம். சாப்பாடு முடிந்த பிறகும் வேண்டாம், எல்லோருக்கும் தூக்கம் வரும். பேச வேண்டியவற்றை முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள். எடுத்த முடிவுகளை இளைய தலைமுறையில் ஒருவர் குறித்து, அன்றே எல்லோரிடமும் கையெழுத்து வாங்கட்டும்.

குடும்ப ஏற்பாட்டை வாய்மொழியாகச் செய்துகொண்டு, பிறகு நினைவுக்காக எழுதிவைத்தால் அந்தக் குறிப்புக்குப் பதிவு தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 1976இலேயே சொல்லியிருக்கிறது. அந்த எழுத்தே உரிமையை உருவாக்குகிறது என்றால் பதிவு வேண்டும். இந்த மெல்லிய கோட்டில் நடக்க வழக்கறிஞர் துணை அவசியம்.

மருமகளும் மாப்பிள்ளையும் கூட்டத்தில் உட்காரலாமா?

உட்காரட்டும். இல்லாவிட்டால் அன்றிரவே அறைக்குள் வேறொரு கூட்டம் நடக்கும், அதற்குக் குறிப்பேடு கிடையாது. தகவல் அறியும் உரிமை எல்லோருக்கும், வாக்கு இரத்த வாரிசுகளுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்ட குடும்பங்கள் நிம்மதியாக இருக்கின்றன. மாமனார் காலமான பின் ஆலைக் கணக்கை மீட்டெடுத்தது மூத்த மருமகள்தான் என்ற கதை இந்த ஊரில் அபூர்வமல்ல.

அண்ணனும் நானும் கூட்டாளிகள். எழுத்தில் ஏதும் இல்லை. பிரச்சினையா?

ஆம். கூட்டாண்மைச் சட்டம், 1932இன்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் ஒரு கூட்டாளி இறந்தவுடன் நிறுவனம் கலைந்துவிடும். இருவர் மட்டுமே கூட்டாளிகள் என்றால் ஒப்பந்தம் இருந்தாலும் மிஞ்சிய ஒருவரைக் கூட்டாண்மை என்று சொல்ல முடியாது. அடுத்த தலைமுறையில் ஒருவரை இப்போதே சேர்த்து, பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். பொது அதிகாரப் பத்திரம் இருக்கிறதே என்பார்கள். எழுதிக் கொடுத்தவர் இறந்தால் அதுவும் செத்துப்போகும்.

உழைக்கும் தம்பிக்குச் சம்பளம், முதல் போட்ட எல்லோருக்கும் லாபப் பங்கு என்று இரண்டையும் பிரித்து எழுதுங்கள். பாதிச் சண்டைகள் இந்த இரண்டும் கலந்ததால் வருபவை.

மனைவி, மருமகள் பெயரில் போட்டால் வரி மிச்சமாகுமா? குடும்பத்துக்குத் தனியார் டிரஸ்ட் வைக்கலாமா?

முதல் கேள்விக்கு: ஆகாது. மனைவிக்கோ மருமகளுக்கோ கொடுத்த சொத்தின் வருமானம் கொடுத்தவர் கணக்கிலேயே சேரும்.

இரண்டாவதற்கு: வரிக்காக என்றால் வேண்டாம். யாருக்கு எவ்வளவு என்பதை டிரஸ்டியின் விருப்பத்துக்கு விடும் டிரஸ்டின் வருமானத்துக்குப் பொதுவாக உச்ச விகிதத்தில் வரி. தன்னால் நிர்வகிக்க முடியாத ஒருவரைக் காக்க என்றால் டிரஸ்ட் அருமையான கருவி. மனவளர்ச்சிக் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள பிள்ளை இருந்தால், உங்கள் காலத்துக்குப் பின் அவர் செலவுக்கு ஒரு டிரஸ்ட் எழுதி, தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999இன்கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் சட்டப்பூர்வப் பாதுகாவலரையும் நியமித்துக்கொள்ளுங்கள். "அண்ணன் பார்த்துக்கொள்வான்" என்று விடுவது அண்ணனுக்கும் அநியாயம்.

சொத்து முழுவதும் நிலமும் தோப்பும்தான். மாற்ற வேண்டுமா?

2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் இந்தக் கரையைக் கடந்தது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கம் பல பத்தாண்டு வளர்ந்த முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. நிலம் இருந்தது, வருமானம் இல்லை. மறுகன்று காய்க்க ஆண்டுகள் பிடித்தன. நிலத்தை விற்கச் சொல்லவில்லை. மூன்றாண்டுக் குடும்பச் செலவு நிலத்துக்கு வெளியே, எளிதில் எடுக்கும்படி இருக்கட்டும். அதையும் ஒரே வங்கியில் குவிக்காதீர்கள்; ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய்வரைதான் வைப்புக் காப்பீடு.

முதலீட்டை யாரிடம் ஒப்படைப்பது?

அவருக்குப் பணம் யார் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். விநியோகஸ்தருக்கு நிதி நிறுவனம் கமிஷன் தருகிறது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியில் பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகருக்கு நீங்கள் கட்டணம் தருகிறீர்கள். சொத்து மதிப்பின்படி வாங்கினால் ஆண்டுக்கு 2.5 விழுக்காட்டுக்கு மேல் அவர் வாங்கக் கூடாது. இருவரும் நேர்மையாக இருக்கலாம், ஆனால் யார் தட்டில் யார் சோறு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். குறைந்தது 50 லட்சம் கேட்கும் பங்கு மேலாண்மைத் திட்டமோ, ஒரு கோடி கேட்கும் மாற்று முதலீட்டு நிதியோ கௌரவச் சின்னம் அல்ல. சம்பந்தி சேர்ந்துவிட்டார் என்பது சேருவதற்குக் காரணமாகாது.

தானதர்மம் செய்ய ஆசை. எதற்குக் கொடுப்பது?

இந்த மண்ணில் இதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டாம். வடலூரில் 1867 மே 23 அன்று வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அந்தத் தருமசாலைக்கு இடம் கொடுத்தவர்கள் பார்வதிபுரத்து மக்கள், எண்பது காணி. பெருந்தனக்காரர் ஒருவர் கொடுத்ததல்ல, ஊரார் சேர்ந்து கொடுத்தது. சிதம்பரத்தில் 1929இல் உருவான அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் கொடையில் பல தலைமுறைகள் படித்து வெளியேறின. நிதி நெருக்கடிக்குப் பின் 2013இல் அரசு சட்டம் இயற்றித் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. கொடுத்தவர் மனம் எவ்வளவு பெரிதானாலும் நிறுவனத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது நிர்வாகமும் கணக்கும்தான்.

நான் மூன்றைக் கேட்பேன். இந்த வேலை நாம் கொடுக்காவிட்டாலும் நடக்குமா? கொடுத்த பணம் எங்கே போனது என்று ஆண்டுக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்க்க முடியுமா? கல்வெட்டில் பெயர் வேண்டாமென்றாலும் கொடுப்போமா? மூன்றாவதில் தடுமாறினால் குற்றமில்லை, ஆனால் அது விளம்பரச் செலவு என்று தெரிந்து செய்யுங்கள். புதுக் கட்டடத்துக்குக் கொடுக்க ஆள் நிறைய. அந்தப் பள்ளியின் கழிப்பறையைத் தினமும் சுத்தம் செய்கிறவருக்குச் சம்பளம் கொடுக்க ஆளில்லை. என் வாக்கு அந்தச் சம்பளத்துக்கு.

கோயிலில் கட்டளை வைக்கலாமா?

தாராளமாக. தமிழ்நாட்டில் அறநிலையத் துறை, புதுச்சேரியில் தனிச் சட்டம் என்று நிர்வாகம் வேறுபடும். எந்த நாளில், எந்தச் சேவைக்கு, மூலதனம் எங்கே இருக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நிலத்தை எழுதிவைத்து அதன் வருமானத்தில் கட்டளை நடத்துவதானால் குத்தகையைக் கவனிக்க ஒரு வாரிசு இருக்க வேண்டும். இல்லையேல் வைப்புநிதியே மேல்.

அப்பா பெயரில் சொந்தமாக அறக்கட்டளை தொடங்கலாமா?

ஆண்டுக்குச் சில லட்சம் கொடுப்பதற்கு என்றால் வேண்டாம். ஏற்கெனவே நன்றாக நடக்கும் ஒன்றுக்குக் கொடுங்கள். சொந்த அறக்கட்டளை என்றால் பதிவு, வருமான வரித் துறைப் பதிவு, அதைப் புதுப்பித்தல், தணிக்கை, கொடையாளர் பட்டியல் தாக்கல் என்று வேலை நிற்காது. வருமானத்தில் 85 விழுக்காட்டை நோக்கத்துக்குச் செலவிட வேண்டும். நிறுவியவர் குடும்பத்துக்கு ஆதாயம் போனால் அந்தத் தொகைக்கு விலக்கு பறிபோகும்; அறக்கட்டளைக் காரில் பேத்தியைப் பள்ளிக்கு அனுப்புவதும் அதில்தான் சேரும். குடும்பத்துக்கு வெளியிலிருந்து இரண்டு டிரஸ்டிகளாவது இருக்கட்டும், உங்களை மறுத்துப் பேசத் தெரிந்தவர்களாக.

பிரான்சில் உள்ள மகன் நம் அறக்கட்டளைக்குப் பணம் அனுப்பலாமா?

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்து தன் சேமிப்பிலிருந்து அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர் என்றால், ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம். பதிவு பெற்றாலும் பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில்தான் வந்து விழ வேண்டும்.

கொடுத்ததற்கு வரிச்சலுகை?

வருமான வரியில் 80ஜி என்று வழங்கிவந்த நன்கொடைக் கழிவு பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கே. புதிய முறையில் கிடைக்காது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வருவதால், ரசீதில் பழைய பிரிவு எண் இருந்தால் ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

பேரப்பிள்ளைகளுக்கு எப்போது சொல்வது?

பதினைந்து, பதினாறு வயதில் கொடையிலிருந்து தொடங்கலாம். ஒரு சிறு தொகையை ஒதுக்கி, "இதை யாருக்குக் கொடுக்கலாம், ஏன்?" என்று கேளுங்கள். விசாரித்து, நேரில் பார்த்து, கணக்கு எழுதிக்கொண்டு வரட்டும். பதினெட்டில் பதிவேட்டைக் காட்டலாம். தொகைகளை மறைத்துக் காட்டினாலும் பரவாயில்லை, எந்தச் சொத்து எப்படி வந்தது என்பதைச் சொல்லிக் காட்டுங்கள்.

முதல் ஆலோசனைக்கு என்ன எடுத்துக்கொண்டு வர வேண்டும்?

பத்திர நகல்கள், கடைசி மூன்றாண்டு வருமான வரிக் கணக்கு, கூட்டாண்மைப் பத்திரம், காப்பீட்டு விவரம், வெளிநாட்டில் இருப்பவர்களின் குடியுரிமை நிலை, தாத்தா பாட்டி வரையிலான இறப்புச் சான்றிதழ்கள். கணவன் மனைவி இருவரும் வாருங்கள். மூலப் பத்திரங்களை வீட்டிலேயே வையுங்கள். முதல் சந்திப்பில் மூலத்தைக் கேட்கிற யாரிடமும் அதைக் கொடுக்காதீர்கள்.